மலையிலிருந்து கிளம்புவோருக்கு: விமான டிக்கெட் போடுவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

நீலகிரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. ஊட்டியிலிருந்து கோவை பீளமேடு விமான நிலையம் சுமார் 90 கிலோமீட்டர், குன்னூரிலிருந்து 70. அப்படியிருந்தும் குன்னூரில் இருக்கும் என் சின்ன டிக்கெட் கடையில் விமான டிக்கெட் கேட்டு வருகிறவர்கள் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போகிறார்கள். ரயில், பஸ், விமானம் மூன்றுக்கும் போட்டுக்கொடுக்கிறேன். கொரோனாவுக்குப் பிறகு, வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று மலைக்குக் குடிவந்தவர்கள் நிறைய. நல்ல காற்றுக்காகவும் அமைதிக்காகவும் வந்தவர்கள். அதில் பலர் மாதத்துக்கு இரண்டு முறை சென்னைக்குப் பறந்துவிட்டு வருகிறார்கள்.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. "இதுல எவ்வளவு கேடு இருக்கு, வேற வழி என்ன இருக்கு?" என்று மேசைக்கு முன்னால் உட்கார்ந்து கேட்பவர்கள் இப்போது அதிகம். அவரவருக்குத் தனித்தனியாகச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். மலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கும், பயணத்தின் கரியமில வாயுக் கணக்கை இதுவரை பார்த்தே இராதவர்களுக்கும் பயன்படட்டும்.

உலகம் முழுக்க வெளியாகும் கரியமில வாயுவில் விமானங்களின் பங்கு 2.5 சதவீத அளவுதான். சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் உலகத்தில் பெரும்பாலானோர் விமானத்தில் காலே வைத்ததில்லை. அந்த 2.5 சதவீதம் முழுக்கக் கொஞ்சப் பேர் செய்வது. மாதம் இரண்டு முறை பறப்பவர் அந்தக் கொஞ்சப் பேரில் ஒருவர். அதனால் அவர் ஒரு பழக்கத்தை மாற்றினாலே கணக்கில் தெரிகிற மாதிரி குறையும்.

இந்த வாயுவால் பூமி சூடாவது மலைக்காரர்களுக்குத் தூரத்து விஷயமும் இல்லை. 2024 ஏப்ரலில் ஊட்டியில் வெயில் 29 டிகிரியைத் தொட்டது. மின்விசிறி இல்லாமலே கட்டிய வீடுகளில் அன்றைக்கு இருந்தவர்களுக்கு அது மறக்காது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ஒரு மழையைக் காட்டி இது இதனால் வந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைத் தாங்கும், அது மொத்தமாக இறங்கும்போது சரிவில் வீடு கட்டியிருப்பவர்கள்தான் முதலில் தூக்கம் இழப்பார்கள்.

முதல் வேலை: போன வருடத்தை எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொண்டு கடந்த பன்னிரண்டு மாதத்தில் போன பயணங்களை வரிசையாக எழுதுங்கள். எங்கிருந்து எங்கே, எதில், எத்தனை பேர், எதற்காக. மெயிலில் பழைய டிக்கெட்டுகளைத் தேடினால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 'எதற்காக' என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஆபீஸ் கூட்டம், கல்யாணம், துக்கம், அம்மாவுக்கு ஆஸ்பத்திரி, சும்மா சுற்ற என்று உண்மையை எழுதுங்கள்.

எழுதிப் பார்த்த பிறகுதான் எது தவிர்க்க முடியாதது, எது பழக்கத்தில் போனது என்று தெரியும். துக்கத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போன பயணத்தை நான் யாரிடமும் குறைக்கச் சொன்னதில்லை. அதெல்லாம் பட்டியலில் இரண்டோ மூன்றோதான் இருக்கும். மீதி எல்லாம் நாம் முடிவு செய்வது.

கணக்குப் போடும் முறை

மூன்று எண்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். விமான எரிபொருள் ஒரு கிலோ எரிந்தால் 3.16 கிலோ கரியமில வாயு வரும். எரிபொருளில் இருக்கும் கார்பன் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்வதால்தான் எரித்ததைவிட எடை கூடுகிறது. டீசல் ஒரு லிட்டருக்கு 2.68 கிலோ. பெட்ரோல் ஒரு லிட்டருக்கு 2.3 கிலோ.

இனி சுமார் ஒரு மணி நேரம் பறக்கும் கோவை–சென்னை விமானத்தைப் பார்ப்போம். ஏர்பஸ் 320 வகை விமானம் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 2,400 கிலோ எரிபொருள் குடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். புது ரக எஞ்சின் என்றால் கொஞ்சம் குறையும், மேலே ஏறும்போது கொஞ்சம் கூடும். 2,400-ஐ 3.16-ஆல் பெருக்கினால் ஏழரை டன். உள்ளே 150 பேர் இருந்தால் தலைக்கு 50 கிலோ.

அதோடு முடிந்ததா? இல்லை. குன்னூரிலிருந்து விமான நிலையத்துக்கு டாக்ஸி. இந்த இடத்தில்தான் எல்லோரும் கணக்கை விட்டுவிடுகிறார்கள். வண்டி உங்களை இறக்கிவிட்டு, சவாரி கிடைக்கவில்லையென்றால் காலியாகத் திரும்பி மலை ஏறும். 70 கிலோமீட்டர் என்பது 140 ஆகிவிடுகிறது. மலைப்பாதையும் சேர்த்து லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்தால் 10 லிட்டர் டீசல், 27 கிலோ கரியமில வாயு. தனியாளாகப் போனால் மொத்தம் உங்கள் தலையில். ஆக ஒருவழிப் பயணத்துக்கு 77 கிலோ.

அதே ஆள் பஸ்ஸில் மேட்டுப்பாளையம் இறங்கி நீலகிரி எக்ஸ்பிரஸில் போனால்? பஸ்ஸுக்கு அரைக் கிலோ, ஒரு கிலோ. ரயில் மின்சாரத்தில் ஓடுகிறது. நம் நாட்டு மின்சாரம் இன்னும் பெருமளவு நிலக்கரியில்தான் வருகிறது, ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோ அளவில் கரியமில வாயு. அப்படியும் ஒரே வண்டியில் ஆயிரம் பேருக்கு மேல் போவதால் ஸ்லீப்பர் வகுப்பில் தலைக்கு விழுவது சொற்பம். எல்லாம் சேர்த்துப் பத்து கிலோவைத் தாண்டாது.

கோத்தகிரிப் பக்கம் குடிவந்த ஒரு பெண்ணுக்கு இதே கணக்கை என் கடை நோட்டில் எழுதிக் காட்டினேன். மாதம் இரண்டு முறை சென்னை ஆபீஸுக்குப் போய்வருகிறவர். போக, வர என்று மாதம் நான்கு பயணம். 77 கிலோ வீதம் மாதத்துக்கு 308 கிலோ, வருடத்துக்கு 3.7 டன். நோட்டைத் தன் பக்கம் திருப்பி இன்னொரு முறை பெருக்கிப் பார்த்தார். ஓர் இந்தியருக்குச் சராசரியாக வருடத்துக்கு வருவதே 2 டன் அளவுதான், அதில் அவர் சமைப்பது, விளக்குப் போடுவது, அவருக்காகச் சிமெண்டும் இரும்பும் தயாராவது எல்லாமே அடக்கம் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அண்ணா, ட்ரெயின்ல போனா ஒரு நாள் வீணாயிடும்ல?" என்று கேட்டார்.

நேரக் கணக்கு

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்பார்கள். நேரத்தையும் எழுதிப் பார்த்தோம். விமானம் மதியம் மூன்று மணிக்கு என்றால், ஒன்றரைக்குள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். மலை இறங்க, ஊர் நெரிசல் தாண்ட என்று மூன்று மணி நேரம் வைத்துக் காலை பத்தரைக்குக் கிளம்ப வேண்டும். சென்னையில் இறங்கிப் பெட்டி வாங்கி மெட்ரோ பிடித்து வீடு போய்ச் சேர மாலை ஆறு. வேலை நாள் ஒன்று முழுக்கப் போய்விட்டது.

ரயிலுக்கு, சாயங்காலம் ஆறு மணி வரை வேலை பார்த்துவிட்டுக் குன்னூரில் பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் மேட்டுப்பாளையம். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இட்லி சாப்பிட நேரம் இருக்கும். இரவு ஒன்பது மணிக்கு மேல் வண்டி கிளம்பும், காலையில் சென்னை சென்ட்ரல். படுத்துத் தூங்கிக்கொண்டே போகிற நேரம் கையை விட்டுப் போகிற நேரமில்லை. (ரயில் நேரம் அவ்வப்போது மாறும். டிக்கெட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதைப் பார்த்துக் கிளம்புங்கள்.)

அவர் இப்போது மாதம் ஒரே ஒரு முறை போகிறார். போனால் நான்கைந்து நாள் தங்கிவிட்டு வருகிறார். ரயிலில்தான்.

ரயில் டிக்கெட் எடுக்கும் வழி

முன்பதிவு 60 நாளைக்கு முன்னால் திறக்கும். முன்பு 120 நாளாக இருந்தது, 2024 நவம்பரிலிருந்து குறைத்துவிட்டார்கள். ஏப்ரல், மே மாதங்களிலும் பொங்கல், தீபாவளியை ஒட்டியும் நீலகிரி எக்ஸ்பிரஸில் திறந்த அன்றைக்கே இடம் தீர்ந்துவிடும். அதனால் ஆபீஸ் கூட்டம் எப்போது என்று முன்கூட்டித் தெரிந்தால் அன்றைக்கே போட்டுவிடுங்கள். கடைசி நேரத்தில் ரயில் கிடைக்காமல் விமானம் ஏறுபவர்கள்தான் என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர். விமானம்தான் பிடிக்கும் என்று ஏறியவர்கள் குறைவு.

மேட்டுப்பாளையத்தில் கிடைக்காவிட்டால் அதோடு விட்டுவிடாதீர்கள். கோவையிலிருந்து சேரன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது, பகலில் கோவை எக்ஸ்பிரஸ், இன்டர்சிட்டி இருக்கின்றன. 2023 ஏப்ரலிலிருந்து வந்தே பாரத் ஆறு மணி நேரத்துக்குள் சென்னை சேர்க்கிறது. அதுவும் இல்லையென்றால் தத்கால். முந்தின நாள் காலை பத்து மணிக்கு ஏசி வகுப்புகளுக்கும் பதினொன்றுக்கு ஸ்லீப்பருக்கும் திறக்கும்.

மழைக்காலத்துக்கு ஒரு எச்சரிக்கை. அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை, குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பர்லியார் ரோட்டில் எப்போது மண் சரியும், எப்போது மரம் விழும் என்று சொல்ல முடியாது. ஒரு நவம்பரில் என் சொந்த வேலைக்கே கடைசி பஸ்ஸை நம்பிக் கிளம்பி, வழியில் காட்டேரி என்ற இடத்துக்குக் கீழே இரண்டு மணி நேரம் நின்று, ரயிலை விட்டுவிட்டேன். அந்த மாதங்களில் இரண்டு மணி நேரம் முன்னதாகவே இறங்கிவிடுங்கள். கிளம்புவதற்கு முன் கோத்தகிரி வழி திறந்திருக்கிறதா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். இந்த ரோடு அடைத்தாலும் அந்த வழியில் இறங்கிவிடலாம்.

மலை ரயிலைப் பற்றியும் கேட்பார்கள். 1899-ல் குன்னூர் வரைக்கும் 1908-ல் ஊட்டி வரைக்கும் வந்த பாதை, 2005-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. கல்லாறில் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறும் அந்த நீராவி எஞ்சினை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. ஆனால் அது எண்ணெய் எரித்து ஓடுகிற எஞ்சின். கரியமில வாயுவைக் குறைக்கிறேன் என்று அதில் ஏற வேண்டியதில்லை. ஆசைக்கு ஏறுங்கள். கணக்குக்கு கவர்மென்ட் பஸ்தான்.

பெங்களூர், டெல்லி, சொந்தக் கார்

பெங்களூருக்கு விமானம் வேண்டவே வேண்டாம். ஊட்டியிலிருந்து கூடலூர், முதுமலை, மைசூர் வழியாகப் பஸ் போகிறது. பந்திப்பூர்க் காட்டில் இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை ரோடு அடைத்திருக்கும், விலங்குகளுக்காக. அதனால் பகலில் போவது மாதிரி திட்டமிடுங்கள். கோவையிலிருந்து பெங்களூருக்கும் வந்தே பாரத், உதய் என்று பகல் ரயில்கள் உண்டு.

சொந்தக் காரில் போனால் விமானத்தைவிட நல்லது என்று பலரும் நினைக்கிறார்கள். சென்னைக்கு 540 கிலோமீட்டர், லிட்டருக்கு 16 கிலோமீட்டர் என்றால் 34 லிட்டர் டீசல், 90 கிலோ கரியமில வாயு. தனியாகப் போனால் விமானத்தைவிட மோசம். நான்கு பேர் போனால் தலைக்கு 23 கிலோ, அது விமானத்தைவிட எவ்வளவோ தேவலை. காரில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

டெல்லி கொஞ்சம் கஷ்டம். கோவையிலிருந்து கேரளா எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு ஆகும். லீவு குறைவாக இருப்பவரிடம் போக வர ரயிலில் போங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. ஒரு வழி ரயில், ஒரு வழி விமானம் என்று பிரித்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிறேன். பாதி குறைந்தாலும் குறைந்ததுதானே. பிள்ளைகளோடு போகிறவர்கள் போகும்போது ரயிலில் போகட்டும். நாக்பூர் ஆரஞ்சும் சம்பல் ஆற்றுப் பள்ளத்தாக்கும் விமானத்தில் தெரியாது.

பறந்தே ஆக வேண்டுமென்றால்

மகன் ஷார்ஜாவில், மகள் அமெரிக்காவில் என்று இருக்கிற வீடுகள் இந்த மலையில் நிறைய. அவர்களுக்கு ரயில் இல்லை. அப்போது பார்க்க வேண்டியவை இவை.

நேராகப் போகும் விமானமா என்று முதலில் பாருங்கள். கோவையிலிருந்து ஷார்ஜாவுக்கு நேர் விமானத்தில் சுமார் 2,800 கிலோமீட்டர். ஆயிரமோ ரெண்டாயிரமோ குறைகிறது என்று டெல்லி மாறிப் போனால் 4,100 கிலோமீட்டர். தூரமும் கூடுகிறது, இரண்டு முறை மேலே ஏறுவதற்கு எரிக்கிற எரிபொருளும் கூடுகிறது. விமானம் பாரத்தோடு தரையிலிருந்து எழும்பி மேலே ஏறுகிற நேரத்தில்தான் மிக அதிகமாகக் குடிக்கும். கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு நாடுகாணி, நிலம்பூர் வழியாகக் கோழிக்கோடு கரிப்பூர் விமான நிலையம் பக்கம். அங்கிருந்து வளைகுடாவுக்கு நேர் விமானங்கள் நிறைய.

எகானமி வகுப்பிலேயே போங்கள். நீண்ட தூர விமானத்தில் பிசினஸ் வகுப்பு இருக்கை பிடிக்கிற இடத்தில் எகானமி ஆட்கள் மூன்று பேரை உட்கார வைக்கலாம். அதனால் ஒருவர் தலையில் விழும் கரியமில வாயுவும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. கம்பெனி பணம் கொடுக்கிறது என்று ஏறுகிறவர்கள் இதை ஒரு தடவை யோசித்துப் பார்க்க வேண்டும்.

டிக்கெட் தேடும்போது விமான ரகத்தையும் போட்டிருப்பார்கள். 'நியோ' என்று முடிகிற ஏர்பஸ், 'மேக்ஸ்' என்று வருகிற போயிங் எல்லாம் முந்தைய ரகத்தைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவாக எரிபொருள் குடிக்கும். குறுகிய தூரத்துக்கு விசிறி வைத்த ஏடிஆர் விமானம் இன்னும் சிக்கனம். விலையும் நேரமும் ஒரே மாதிரி இருந்தால் இதை வைத்து முடிவு செய்யுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், எத்தனை தடவை என்பது. அமெரிக்கா போய்வந்தால் எகானமியிலேயே ஆளுக்கு ஒரு டன்னைத் தாண்டிவிடும். இரண்டு வாரத்துக்காக வருடத்துக்கு இரண்டு தடவை போவதைவிட, ஒரே தடவை போய் மூன்று மாதம் பேரப்பிள்ளையோடு இருந்துவிட்டு வருவது பாட்டிக்கும் நல்லது. எங்கள் கடைக்கு வரும் பெரியம்மா ஒருவர் அப்படித்தான் செய்கிறார். "ரெண்டு வாரத்துல புள்ளைக்கு என் மூஞ்சியே பழகாது சாமி" என்பார். அவர் கரியமில வாயுவை நினைத்துச் செய்யவில்லை. ஆனாலும் கணக்கு அவருக்குத்தான் நன்றாக வருகிறது.

கோவை விமான நிலையத்துக்கு டாக்ஸிதான் போக வேண்டும் என்றில்லை. குன்னூரிலிருந்து கோவை பஸ் பிடித்து, டவுன் பஸ் மாறி அவிநாசி ரோட்டில் இறங்கலாம். பெட்டி அதிகம் இருந்தால் மலை இறங்கும் வரை பஸ், கோவைக்குள் மட்டும் ஆட்டோ. டாக்ஸி கட்டாயம் என்றால் அதே நாளில் கிளம்பும் இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து போங்கள். நானே என் நோட்டைப் பார்த்து இரண்டு மூன்று முறை அப்படிச் சேர்த்துவிட்டிருக்கிறேன்.

மேலே தெரியும் வெள்ளைக் கோடு

ஜனவரியில் பனி விழுகிற காலைகளில் எங்கள் வீட்டு வாசலில் நின்று பார்த்தால் வானம் அப்படியே நீலமாக இருக்கும். எட்டு மணி வாக்கில் உயரத்தில் ஒரு விமானம் போகும், சத்தமே கேட்காது. பின்னாலேயே ஒரு வெள்ளைக் கோடு. சில நாள் அந்தக் கோடு விமானத்துக்குப் பின்னால் கை அகலத்துக்கு நீண்டு உடனே மறைந்துவிடும். சில நாள் மறையாது. நான் டீ குடித்து முடிப்பதற்குள் கோடு பட்டையாகும், பட்டை மெல்லிய மேகமாக விரியும். அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் எது விமானக் கோடு, எது மேகம் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அது புகை இல்லை. எஞ்சினிலிருந்து வரும் நீராவி, மேலே இருக்கும் கடுங்குளிரில் புகைத்துகளைப் பிடித்துக்கொண்டு பனித்துகளாக உறைகிறது. மேல் காற்று வறண்டிருந்தால் உடனே கரைந்துவிடும். ஈரமாக இருந்தால் நின்று பரவும். அப்படிப் பரவிய மேகம் பூமியிலிருந்து மேலே போகும் வெப்பத்தைப் போர்வை போட்டது மாதிரி தடுக்கிறது. பகலில் கொஞ்சம் வெயிலையும் திருப்பி அனுப்பும், இரவில் அந்த ஈடும் கிடையாது. 2021-ல் வந்த ஒரு விரிவான ஆய்வின்படி, விமானங்களால் இதுவரை ஏற்பட்ட சூட்டில் கரியமில வாயுவின் பங்கு மூன்றில் ஒன்றுதான். மீதியில் பெரும்பங்கு இந்த வெள்ளைக் கோடுகளுக்கு. மேலே நான் போட்ட கிலோ கணக்கில் இது சேரவே இல்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பயணி செய்யக்கூடியது இதில் குறைவு. நீண்ட தூரத்துக்குப் பகல் விமானம் கிடைத்தால் அதை எடுங்கள், அவ்வளவுதான்.

"மரம் நட்டுவிடுகிறோம்" என்றால்

டிக்கெட் போட்டு முடிக்கும்போது ஒரு சின்னக் கட்டம் வரும். இத்தனை ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் உங்கள் கரியமில வாயுவை ஈடுகட்டுகிறோம், மரக்கன்று நடுகிறோம் என்று. ஒரு வாடிக்கையாளர் இரண்டு வருடம் தவறாமல் அதில் டிக் அடித்தார். எங்கே நட்டீர்கள் என்று கேட்டு அந்தக் கம்பெனிக்கு மெயில் போட்டார். ஒரு சான்றிதழ் படம் வந்தது, ஊர் பெயர் கூட இல்லை. காசு பெரிதில்லை. ஈடு கட்டியாயிற்று என்ற தைரியத்தில் அந்த இரண்டு வருடமும் அவர் கூடுதலாகப் பறந்தார். எனக்கு அதுதான் வருத்தம்.

மரம் நடுவதைப் பற்றி நீலகிரிக்காரர்களுக்குச் சொல்ல ஒரு கதை இருக்கிறது. இந்த மலையின் மேல்பகுதி இயற்கையில் புல்வெளியும் சோலையும் மாறிமாறி இருந்த நிலம். பள்ளத்தில் ஓடையை ஒட்டிச் சோலை, மேட்டில் புல். வரையாடு மேய்ந்ததும் தோடர்கள் எருமை மேய்த்ததும் அந்தப் புல்லில்தான், அவர்கள் கோயில் கூரைக்கு வேய்ந்ததும் அதே மலைப் புல்தான். வெள்ளைக்காரர்கள் அதைத் 'தரிசு' என்று எடுத்துக்கொண்டு 1840-களிலிருந்து விறகுக்காகச் சீகை (வாட்டில்) மரமும் கற்பூர (யூகலிப்டஸ்) மரமும் கொண்டுவந்து நட்டார்கள். பிற்பாடு நம்மவர்களும் நட்டார்கள், பைனும் சேர்ந்தது. இன்றைக்குச் சீகை யாரும் நடாமலே பரவி, மீதியிருக்கும் புல்வெளியையும் தின்றுகொண்டிருக்கிறது. அந்தப் புல்லின் வேருக்குக் கீழே இருந்த கரிம வளம் நூற்றாண்டுகளாகச் சேர்ந்தது. மேலே பச்சையாக நிற்பது மட்டும் கணக்கில்லை.

அதனால் யாராவது மலையில் மரம் நடுகிறோம் என்று சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த இடத்தில், புல்வெளியா சோலையா? என்ன மரம், இந்த மண்ணுக்கு உரியதா? பத்து வருடம் யார் பார்த்துக்கொள்வார்கள்? பதில் சரியாக வந்தால் நன்கொடையாகக் கொடுங்கள், தாராளமாக. ஆனால் அதை விமானப் பயணத்துக்கு எதிராகக் கழித்துக்கொள்ளாதீர்கள். விமானம் விடுவது இன்றைக்கே காற்றில் கலக்கிறது. கன்று வளர்ந்து அதை உறிஞ்ச முப்பது நாற்பது வருடம் ஆகும், அதுவும் தீப்பிடிக்காமல், யாரும் வெட்டாமல் இருந்தால்.

புது எரிபொருள் பற்றியும் கேட்கிறார்கள். வடை சுட்டு மிஞ்சிய எண்ணெய், வேளாண் கழிவு போன்றவற்றிலிருந்து விமான எரிபொருள் தயாரிக்க முடியும். வெளிநாட்டு விமானங்களில் 2027-ல் 1 சதவீதம், 2028-ல் 2, 2030-ல் 5 சதவீதம் கலப்பது என்று நம் அரசு இலக்கு வைத்திருக்கிறது. நல்ல முயற்சிதான். ஆனால் 5 சதவீதம் கலந்தால் மீதி 95 பழையதுதானே. கொச்சி விமான நிலையம் 2015-லிருந்து முழுக்கச் சூரிய மின்சாரத்தில் இயங்குகிறது. அதைப் பார்த்து, அங்கிருந்து போனால் பாதிப்பு இல்லை என்று நினைக்கிறவர்களும் உண்டு. கட்டடத்துக்கு வெயில், விமானத்துக்கு மண்ணெண்ணெய் ரக எரிபொருள். இரண்டும் வேறு.

வீட்டுக்கு வருகிறவர்களுக்கு

மலைக்குக் குடிவந்தால் விருந்தாளிகள் வராமல் இருக்க மாட்டார்கள். சென்னையிலிருந்து கிளம்பும் தம்பி குடும்பம் எதில் வர வேண்டும் என்பதை நீங்கள் சொல்லும் முதல் வார்த்தைதான் பெரும்பாலும் முடிவு செய்யும். "கோயமுத்தூர் ஏர்போர்ட்ல இறங்கி டாக்ஸி பிடிச்சிரு" என்றால் அப்படியே செய்வார்கள். ரயில் நேரத்தைச் சேர்த்துச் சொன்னால் அதைச் செய்வார்கள். சொந்த வண்டியில் வருகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்பது உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. அரசு பஸ்ஸிலும் ரயிலிலும் வருகிறவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

நான் என் சொந்தக்காரர்களுக்கு அனுப்புகிற செய்தியை இங்கே தருகிறேன். ஊர் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

"வருகிற தேதி முடிவானதும் சொல்லுங்கள், 60 நாள் முன்னால் நானே நீலகிரி எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டு அனுப்புகிறேன். இரவு சென்ட்ரலில் ஏறிப் படுத்தால் காலையில் மேட்டுப்பாளையம். ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்ட் நடக்கிற தூரம்தான், ஊட்டி பஸ் எல்லாம் குன்னூரில் நிற்கும். தண்ணீர் பாட்டில் வீட்டிலிருந்தே கொண்டுவாருங்கள், இங்கே பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை. குழந்தைகளுக்கு வளைவில் வாந்தி வரும், முன் சீட்டில் உட்கார வையுங்கள், கையில் எலுமிச்சம்பழம் இருக்கட்டும். பர்லியார் தாண்டியதும் போன் பண்ணுங்கள், நான் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிற்கிறேன். மூன்று நாளில் திரும்புகிற மாதிரி வராதீர்கள், ஒரு வாரமாவது இருங்கள்."